பலாக்கட்டையும் செஞ்சிப் பாறையும்: வாசகர் கேள்விகள்

போன மாதம் இந்த இதழில் என் பட்டறைப் படங்கள் மூன்று வந்தன. நடுப்படத்தில் ஆளுயரத்துக்கு ஒரு பலாக்கட்டை. 'தானே புயலில் விழுந்த மூன்று பலாமரங்களில் ஒன்று. இயற்கையும் நிலவியலும் தந்த தூண்டுதல்' என்று அடியில் குறிப்பு. அதைப் பார்த்துவிட்டு வந்த கடிதங்களை ஆசிரியர் ஒரு மஞ்சள் பையில் கொண்டுவந்து திண்ணையில் வைத்தார். "நீங்களே பதில் எழுதிடுங்கம்மா" என்று காப்பியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். நாற்பது வருஷமாக உளி பிடிக்கிற கை இது. எழுத்தில் கோணல் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நடுப்படத்தில் இருப்பது மாட்டுத் தாடையா, மலையா, தாயும் சேயுமா? எங்கள் வீட்டில் மூன்று பேர் மூன்று விதமாகச் சொல்கிறோம். யார் சொல்வது சரி?
(வாசகி, கும்பகோணம்)

என் அம்மா உயிரோடு இருந்தபோது அதைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு, "இதுல நெல்லு கொட்டி வைக்கலாமா?" என்று கேட்டார். உங்கள் மூன்றோடு அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அது பலாமரம், அவ்வளவுதான். 2011 டிசம்பர் 30ஆம் தேதி விடியற்காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையேறியது. சில நாள் கழித்துப் பண்ருட்டிப் பக்கம் போனேன். பலாத்தோப்புகள் வேரோடு சாய்ந்து கிடந்தன. முந்திரிக் காடெல்லாம் தலைகீழ். ஒரு தோப்புக்காரப் பெரியவர் விறகு வியாபாரியிடம் பேரம் பேசிக்கொண்டிருந்தார். நான் அடிமரங்கள் மூன்றைக் கேட்டதும், விறகு விலைதான் வாங்கினார். "வெட்டும்போது நான் பார்க்க மாட்டேன். எங்க அப்பா வச்சது" என்றார். டிராக்டர் வாடகைதான் மரத்தின் விலையைவிட அதிகமானது.

படத்தில் இருப்பது அந்த மூன்றில் பெரியது. நடுவில் உளுத்துப் பொந்து விழுந்திருந்தது. பொந்துக்குள் கையை விட்டால் தோள்வரை போனது. உளுத்தது எதுவோ அதை மட்டும் சுரண்டினேன். உளி எங்கே 'ணங்' என்று நின்றதோ அங்கே நானும் நின்றேன். வெளியே வெள்ளை மரத்தைப் பூச்சி தின்றிருந்தது, அதையும் எடுத்தேன். மிச்சம் நின்றதுதான் நீங்கள் பார்த்தது. அதில் தாடை தெரிந்தால் தாராளமாகப் பாருங்கள். நான் ஒளித்துவைக்கவில்லை, அதனால் கண்டுபிடிக்கவும் ஒன்றுமில்லை.

பாறைக்கும் மரத்துக்கும் என்ன சம்பந்தம்? பாறையைப் பார்த்து அதே மாதிரி மரத்தில் செதுக்குவதா?
(கல்லூரி மாணவர், திண்டுக்கல்)

இல்லை தம்பி. அப்படித்தான் முதல் பத்து வருஷம் செய்தேன். செஞ்சி மலையைப் பார்த்துவிட்டு வந்து வேப்பங்கட்டையில் குட்டிக் குட்டிப் பாறைகளை அடுக்கிச் செதுக்கினேன். பார்த்தவர்கள் "உருளைக்கிழங்கா?" என்றார்கள். அவர்கள் மேல் தப்பில்லை.

செஞ்சிப் பாறைகள் ஏன் உருண்டையாக இருக்கின்றன என்று ஒரு நிலவியல் பேராசிரியர் எனக்கு மண்ணில் குச்சியால் வரைந்து காட்டினார். அந்த ஒரு மணி நேரம்தான் என் வேலையைத் திருப்பிப் போட்டது. செஞ்சியில் ராஜகிரி மலை ஏறும்போது ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கிற அந்தக் கல் குண்டுகளை யாரும் உருட்டிக்கொண்டுவந்து வைக்கவில்லை. பூமிக்கடியில் அது ஒரே பாளமாக இறுகிய கருங்கல். ஏறத்தாழ 250 கோடி ஆண்டுப் பழசு. அதில் குறுக்கும் நெடுக்குமாக வெடிப்புகள். வெடிப்பு வழியாகத் தண்ணீர் இறங்குகிறது. கட்டம் கட்டமாகப் பிரிந்த கல்லின் முகத்தில் தண்ணீர் ஒரு பக்கம்தான் தாக்கும். விளிம்பில் இரண்டு பக்கம், மூலையில் மூன்று பக்கம். ஆகவே மூலைதான் முதலில் கரைந்து மண்ணாகும். சதுரக்கல் உள்ளேயே உருண்டையாகிவிடும். பிற்பாடு மழை அந்த மண்ணை அரித்துக்கொண்டு போனதும் குண்டு மட்டும் வெளியே நிற்கும். மாமல்லபுரத்தில் 'வெண்ணெய் உருண்டை'யை முதுகால் தாங்குவது போலப் படம் பிடித்துக்கொள்கிறோமே, அதன் கதையும் இதேதான்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நான் பார்க்க வேண்டியது கல்லின் உருவத்தை அல்ல, அந்த உருவம் வந்த வழியை. மெத்தென்றது போகும், உறுதியானது நிற்கும். மரத்திலும் அதே கணக்கு இருக்கிறது. வெளியே மெத்தென்ற வெள்ளை, உள்ளே இறுகிய வைரம். கிளை புறப்பட்ட இடத்தில் கணு; அங்கே ரேகை சுழித்து இறுகியிருக்கும், உளி போகாது. ஆற்றுத் தண்ணீர் பாறையைச் சுற்றிக்கொண்டு போகிற மாதிரி ரேகை கணுவைச் சுற்றிக்கொண்டு போகும். தண்ணீர் என்ன செய்யுமோ அதை உளியால் செய்கிறேன். தண்ணீருக்கு லட்சம் வருஷம் இருந்தது, எனக்கு எட்டு மாதம். அதனால் அது செய்தது எப்போதும் என்னுடையதைவிட நன்றாகத்தான் இருக்கும்.

இன்னொரு இடமும் சொல்ல வேண்டும். நான் திண்டிவனத்துக்காரி. அப்பா கதவு, ஜன்னல் செய்கிற ஆசாரி. பௌர்ணமிக்குப் பௌர்ணமி திருவக்கரை வக்கிரகாளியம்மன் கோயிலுக்குக் கூட்டிப்போவார். சாமி கும்பிட்டுவிட்டுப் பக்கத்தில் கல்மரம் பார்க்கப் போவோம். ஏழெட்டு வயசு எனக்கு. அங்கே கிடந்த ஒரு அடிமரத்தைப் பார்த்துவிட்டு, "ரேகை நேரா இருக்குப்பா, நிலைக்கு ஆகும்" என்று தொழில்காரி மாதிரி சொன்னேன். அப்பா சிரித்துக்கொண்டே, "தட்டிப் பாரு" என்றார். தட்டினேன். விரல் வலித்தது.

ஏறக்குறைய 2 கோடி ஆண்டுக்கு முந்தைய மரங்கள் அவை. 1781இலேயே சொன்னெரா என்ற பிரெஞ்சு இயற்கையியலாளர் அவற்றைப் பற்றிக் குறிப்பு எழுதியிருக்கிறார். கிளை கிடையாது, இலை கிடையாது, வேரும் கிடையாது. வெள்ளம் எங்கிருந்தோ உருட்டிக்கொண்டுவந்து மணலில் புதைத்திருக்கிறது என்பதற்கு அதுதான் சாட்சி. காற்றுப் படாமல் புதைந்ததால் மக்கவில்லை. நிலத்தடி நீரில் கரைந்திருந்த சிலிக்கா மரத்தின் நுண்ணறைகளுக்குள் போய் உட்கார்ந்து, கொஞ்சம் கொஞ்சமாக மரம் இருந்த இடத்தை எல்லாம் கல்லே எடுத்துக்கொண்டது. ரேகை போகவில்லை. கணு போகவில்லை. மெல்லிய சீவலாக அறுத்து நுண்ணோக்கியில் வைத்தால் எந்தக் குடும்பத்து மரம் என்றுகூடச் சொல்லிவிடுகிறார்கள். புளியும் வாகையும் சேர்ந்த அவரைக் குடும்பத்து மரங்களும் அங்கே உண்டு. பாறைக்கும் மரத்துக்கும் என்ன சம்பந்தம் என்று இனி யாராவது கேட்டால் திருவக்கரைக்கு பஸ் ஏற்றிவிடுங்கள்.

இரண்டடி விட்டத்தில் வாகைக் கட்டை வாங்கி, நன்றாகக் காயட்டும் என்று மொட்டைமாடி வெயிலில் வைத்தேன். ஒரே மாதத்தில் நடுவிலிருந்து விளிம்புவரை வெடித்துவிட்டது. மரம் மட்டமா, நான் மட்டமா?
(வாசகர், பொள்ளாச்சி)

மரம் நல்ல மரம் ஐயா. உங்கள் மொட்டைமாடிதான் மட்டம்.

பச்சை மரத்தில் தண்ணீர் இரண்டு விதமாக இருக்கிறது. மரத்தின் நுண்ணறைகளுக்குள் சும்மா நிற்கிற தண்ணீர் ஒன்று. அது போனால் எடை குறையும், மரம் சுருங்காது. ஈரம் சுமார் 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கிய பிறகு, அறைச் சுவரிலேயே ஊறியிருக்கிற தண்ணீர் வெளியேறத் தொடங்கும். அப்போதுதான் சுருக்கம். அதுவும் எல்லாப் பக்கமும் ஒரே அளவாகச் சுருங்கினால் தொல்லையே இல்லை. நீளவாக்கில் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. நடுவிலிருந்து பட்டை நோக்கிக் கொஞ்சம். வளையத்தைச் சுற்றி, அதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. உடம்பு இளைக்காதபோது இடுப்புக் கச்சை மட்டும் சுருங்கினால் என்ன ஆகும்? தெறிக்கும். அதனால்தான் முழு உருளை வட்டத்தில் ஓரிடத்திலாவது பிளந்துதான் தீரும். வெயிலில் வைத்தால் மேல்பக்கம் காய்ந்து, உள்பக்கம் ஈரமாக இருந்து, இன்னும் சீக்கிரம் பிளக்கும்.

அடுத்த தடவை இப்படிச் செய்யுங்கள். அறுத்த அன்றைக்கே இரண்டு வெட்டுமுகத்திலும் பழைய பெயின்ட்டோ உருக்கிய மெழுகோ கனமாகப் பூசுங்கள். ஈரம் அந்த வாய் வழியாகத்தான் அவசரமாக ஓடும். எங்கள் அப்பா சாணம் அப்புவார். பிறகு நிழலில், தரையில் படாமல், கட்டை மேல் ஏற்றி வையுங்கள். பலகையாக இருந்தால் ஒரு அங்குலக் கனத்துக்கு ஒரு வருஷம் என்பது தச்சர் கணக்கு. இரண்டடி உருளைக்கு இந்தக் கணக்கைப் போட்டால் உங்கள் பேரன்தான் செதுக்குவான். அதனால் நடுக்குருத்தை எடுத்துவிடுவதே புத்தி. நட்டநடுவில் பிளந்து அரைவட்டமாக்கினாலும் சரி, பின்பக்கமாகக் குடைந்து கூடாக்கினாலும் சரி. ஜப்பானில் ஒரே கட்டையில் புத்தரைச் செதுக்கிய பழைய சிற்பிகள் முதுகுப்புறத்தைக் குடைந்தது இதற்காகத்தான். பொந்து விழுந்த மரத்தை நான் தேடித் தேடி வாங்குவதன் ரகசியமும் இதுவே. பாதி வேலையைக் கரையானும் பூஞ்சையும் முடித்து வைத்திருக்கும்.

வெடித்ததைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். மரத்தூளும் பசையும் குழைத்து அடைக்கவும் வேண்டாம். 90களில் நான் அடைத்தேன். மழைக்காலத்தில் மரம் உப்பியதும் பசைக் கட்டி பல் விழுகிற மாதிரி கீழே விழுந்தது. அந்த வெடிப்பையே முதல் கோடாக வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள். செஞ்சியில் தண்ணீர் இறங்கியதும் ஒரு வெடிப்பு வழியாகத்தானே.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். ஒரு பெரிய ஹோட்டல் வரவேற்பறைக்குப் புளிய மரத்தில் ஒரு வேலை கொடுத்தேன். கூடத்தில் இரண்டு வருஷம் காய்ந்த கட்டை என்ற தைரியம். இருபத்து நாலு மணி நேரமும் ஏ.சி. ஓடும் இடம் என்பதை யோசிக்கவில்லை. மூன்றாம் மாதம் ஒரு நாள் ராத்திரி 'டப்'பென்று சத்தம் கேட்டு வாட்ச்மேன் பட்டாசு என்று நினைத்து ஓடிவந்தாராம். பணத்தைத் திருப்பிக் கொடுத்து, சிற்பத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். இப்போது அது எனக்குப் பிடித்த வேலைகளில் ஒன்று. வெடிப்பு, நான் விட்டுவைத்த ஒரு தட்டையான இடத்தின் குறுக்கே நேராகப் போயிருக்கிறது. அந்த இடத்தில் ஏதோ குறைகிறது என்று எனக்கும் ஒரு சந்தேகம் இருந்தது.

செயின்சாவால் அறுப்பதும் சிற்பக்கலையா?
(பெயர் எழுதாதவர்)

அறுப்பது அறுப்பு. நிறுத்துகிற இடம்தான் கலை. அதுபோகட்டும், ரம்பத்தில் அறுத்தால் எனக்கு ஆறு நாள் ஆகும், என் தோள்பட்டையும் போய்விடும்.

இந்த மாதிரி வேலை வெளிநாட்டில் யார் செய்திருக்கிறார்கள்? யாரைப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம்?
(ஓவிய ஆசிரியர், மார்த்தாண்டம்)

இரண்டு பேர் சொல்கிறேன். இருவர் வேலையையும் நேரில் பார்க்கிற பாக்கியம் இல்லை, புத்தகமும் படமும்தான்.

பார்பரா ஹெப்வொர்த். இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் செயின்ட் ஐவ்ஸ் என்ற கடலோர ஊரில் வாழ்ந்தவர். 1946இல் 'பெலகோஸ்' என்று ஒரு சிற்பம் செய்தார். கிரேக்கத்தில் கடல் என்று பொருள். எல்ம் மரத்தில் ஒரு உருண்டை. அதைக் குடைந்து குடைந்து, இரண்டு கை ஒன்றையொன்று தேடுகிற மாதிரி சுருட்டிவிட்டார். உள்பக்கம் வெளிர்நீலம், குறுக்கே வீணைத் தந்தி போலக் கயிறுகள். அவர் வீட்டிலிருந்து தெரியும் விரிகுடாவை இரண்டு பக்க நிலமும் அணைத்திருக்கும். அதுதான் வந்திருக்கிறது, ஆனால் அலை, படகு ஒன்றுமே இல்லை. 1954இல் நைஜீரியாவிலிருந்து குவாரியா என்ற மரம் 17 டன் அவருக்கு வந்து இறங்கியது. அதில் சில கட்டைகளுக்குள் ஆள் புகலாம் போல! குடைந்த பாகத்துக்கு வெள்ளை அடித்து, வெளிப்பக்கத்தைத் தேய்த்து மின்னவைத்தார். அந்த மினுமினுப்பு மட்டும் எனக்கு ஒட்டவில்லை. என் ருசி அது.

அடுத்தவர் டேவிட் நாஷ். வேல்ஸ் நாட்டில் பிளைனாய் பெஸ்டினியோக் என்ற ஊர். சிலேட் கல் வெட்டியெடுத்த ஊர். சுரங்கக் கழிவே மலை மலையாகக் குவிந்து கிடக்கும். அங்கே ஒரு பழைய தேவாலயத்தை வாங்கிப் பட்டறையாக்கிக்கொண்டார். 1978இல் ஒரு பெரிய ஓக் மரத்திலிருந்து சுமார் ஒரு மீட்டர் குறுக்களவில் ஒரு குண்டு செதுக்கினார். அரை டன் தேறும். பட்டறைக்குத் தூக்க முடியவில்லை. பக்கத்து ஓடையில் உருட்டிவிட்டால் தண்ணீர் கீழே கொண்டுவந்துவிடும் என்று கணக்குப் போட்டார். அது பாதி வழியில் மாட்டிக்கொண்டது.

வேறொருவராக இருந்தால் ஆள் கூட்டிப் போய் இழுத்திருப்பார். நாஷ் அங்கேயே விட்டுவிட்டார். மழை வரும், வெள்ளம் வரும், குண்டு கொஞ்சம் நகரும். பிறகு வருஷக்கணக்கில் ஒரே மடுவில் கிடக்கும். ஆற்றுப் பாறைகளோடு பாறையாக, பார்த்தால் கல்லென்றே தோன்றும். குளிர்காலத்தில் மேலே பனி மூடும். அவர் போய்ப் போய்ப் படம் எடுத்தார், வரைந்தார். கால் நூற்றாண்டு கழித்து அது டுவிரிட் ஆற்றின் கழிமுகத்துக்கு வந்து, ஓதத்தில் அங்குமிங்கும் அலைந்து, 2003இல் கண்ணில் படாமல் போயிற்று. பத்து வருஷம் கழித்து, 2013இல், மறுபடி அதே கழிமுகத்தில் தலைகாட்டியது. 'மரப்பாறை' என்றுதான் அதற்குப் பெயர்.

திருவக்கரை மரங்களுக்கும் வெள்ளம் இதையேதான் செய்தது. நாஷ் அதைத் தெரிந்து செய்தாரோ தெரியாமல் செய்தாரோ, எனக்கு அந்தப் படங்களைப் பார்க்கும்போது அப்பா "தட்டிப் பாரு" என்றது காதில் விழும்.

நம் பக்கத்தில் பார்க்க வேண்டுமானால், 1966இல் கே.சி.எஸ். பணிக்கர் தொடங்கிய சோழமண்டலம் ஓவியர் கிராமத்துக்குப் போங்கள். சென்னை ஈஞ்சம்பாக்கத்தில் இருக்கிறது. தோட்டத்துச் சிற்பங்களை மழை பெய்து ஓய்ந்ததும் பாருங்கள், கல்லின் நிறமே வேறு.

என் மகளுக்குப் பதினைந்து வயது. மரம் செதுக்க ஆசைப்படுகிறாள். என்ன மரம், என்ன கருவி வாங்கித் தரலாம்? கையை வெட்டிக்கொள்வாளோ என்று பயம்.
(வாசகி, ஈரோடு)

வெட்டிக்கொள்வாள் அம்மா. மழுங்கிய உளிதான் அதிகம் வெட்டும். அமுக்க வேண்டியிருப்பதால் வழுக்கும். ஆகவே முதலில் சாணைக்கல், பிறகு உளி. தட்டை உளி ஒன்று, வாய் வளைந்த உளி இரண்டு, ஒரு கொட்டாப்புளி, கட்டையைப் பிடித்துக்கொள்ள ஒரு வைஸ். உளிக்கு முன்னால் இடது கை வரவே கூடாது என்று பழக்குங்கள். பன்னிரண்டு உளி கொண்ட பெட்டி வேண்டாம், ஒன்பது துருப்பிடிக்கும்.

மரத்துக்கு விறகுக்கடைக்குப் போகச் சொல்லுங்கள். வேம்பு, பூவரசு இரண்டும் தொடக்கத்துக்கு நல்லது. சீமைக்கருவேலம் இறுகல், ஆனால் ரேகை அழகு, ஊருக்கும் உபகாரம். தேக்கில் தொடங்கினால் விலையை நினைத்தே கை நடுங்கும். அரளிக் கட்டை மட்டும் வேண்டாம், விஷம். ஒன்றை மறக்காதீர்கள்: தேய்க்கும்போது முகக்கவசம். மரத்தூள்தானே என்று நானும் முந்தானையைக் கட்டிக்கொண்டு இருபது வருஷம் தேய்த்தேன். இன்று மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. மரத்தூளை வருஷக்கணக்கில் சுவாசித்தால் மூக்கில் புற்றுநோய்வரை வரலாம் என்பது உறுதியான விஷயம்.

உங்கள் சிற்பத்துக்கு விலை அறுபதாயிரமாமே. ஒரு மரத்துண்டுக்கு அறுபதாயிரமா?
(வாசகர், சென்னை)

விறகு விலைக்கும் தருகிறேன், நீங்களே செதுக்கிக்கொள்வதாக இருந்தால்.

கல்மரத் துண்டு ஒன்று விலைக்கு வருகிறது. மரச் சிற்பத்துக்குப் பீடமாக வைத்தால் பொருத்தமாக இருக்குமே?
(வாசகர், புதுச்சேரி)

இருக்கும். ஆனாலும் வாங்காதீர்கள். திருவக்கரையிலும் பெரம்பலூர் பக்கம் சாத்தனூரிலும் இந்திய நிலவியல் ஆய்வுத் துறை வேலி போட்டுக் காவல் வைத்திருப்பது சும்மா இல்லை. சாத்தனூர் மரம் டைனோசர் காலத்தது, 18 மீட்டர் நீளம், தரையோடு தரையாகப் படுத்திருக்கும். நாளைக்கு ஆளுக்கொரு துண்டு பீடத்துக்கு எடுத்தால் பள்ளிப்பிள்ளைகளுக்குக் காட்ட வேலிதான் மிஞ்சும். பீடத்துக்குக் கருங்கல் போதும், அது அதைவிடக் கிழவி.

மூன்று பலாமரங்களில் ஒன்று என்று போட்டிருந்தது. மற்ற இரண்டும் என்ன ஆயின?
(வாசகி, காரைக்கால்)

இதைக் கேட்டது நீங்கள் ஒருவர்தான்.

இரண்டாவதை நான் கெடுத்தேன். பலா அறுத்த புதிதில் மஞ்சளாக, மஞ்சள் கிழங்கை வெட்டின மாதிரி இருக்கும். வெளிச்சம் படப் படப் பழுப்பாகிவிடும். அந்த மஞ்சள் மேல் மயங்கி, பச்சையாகவே அவசரமாகச் செதுக்கினேன். ஒரே கோடையில் மூன்றாகப் பிளந்தது, நிறமும் போனது. அதில் நல்ல பாகத்தை எடுத்து முக்காலி செய்திருக்கிறேன். ஆசிரியர் காப்பி குடித்தது அதில் உட்கார்ந்துதான்.

மூன்றாவது கொல்லையில் புளியமரத்தடியில் கிடக்கிறது. எப்படிச் செய்வது என்று தெரியவில்லை. வருஷா வருஷம் ஐப்பசி மழைக்கு முன்னால் ஆள் வைத்துப் புரட்டிப் போடுவேன். ஒரு பக்கம் வெள்ளை முழுக்கப் போய், வைரம் முண்டு முண்டாக வெளியே தெரிகிறது. சாம்பல் நிறம், வாய்க்கால் மாதிரி பள்ளங்கள், ஒரு கணு மட்டும் துருத்திக்கொண்டு. நான் எடுப்பதாக இருந்தால் எதை எடுத்திருப்பேனோ அதை மழை எடுத்துக்கொண்டிருக்கிறது. உளியோடு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து திரும்பி வந்த நாள்கள் உண்டு. போன வாரம் புரட்டியபோது அடியில் ஒரு தேள், முதுகு நிறையக் குஞ்சுகளோடு. அதனால் இந்த வருஷமும் தொடவில்லை.